ஒரு திடல் பிறந்த கதை

பொற்பனைக்கோட்டைக் குழிகளிலிருந்து தங்க அணி வந்தது, சூதுபவள மணி வந்தது, எலும்பில் செய்த முனைக்கருவி வந்தது. செய்தித்தாள்கள் தங்கத்தைத்தான் படம் போட்டன. என் கண் நின்றது, பட்டியலில் ஓரமாக இருந்த வட்டச் சில்லின் மேல். உடைந்த பானை ஓட்டை எடுத்து, விளிம்பைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து வட்டமாக்கி வைத்திருக்கிறார்கள். புதுக்கோட்டை நகரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, மண்மேடும் அகழியுமாகக் கிடக்கும் சங்ககாலக் கோட்டை அது. 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023இல் மாநிலத் தொல்லியல் துறையும் அங்கே அகழாய்வு நடத்தின. கீழடியிலும் இப்படிப்பட்ட சில்லுகள் கிடைத்தன. ஆட்டக்காய்களும் கிடைத்தன. இன்றைக்குப் பாண்டி ஆடுகிற ஒரு சிறுமியின் கையில் அந்த ஓட்டைக் கொடுத்துப் பாருங்கள். யாரும் சொல்லித்தர வேண்டாம். தரையில் கட்டம் போட்டு எறிந்துவிடுவாள்.

சில்லைத் தோண்டி எடுத்துவிடலாம். அதை எறிந்து ஆடிய இடத்தைத் தோண்டி எடுக்க முடியாது. ஏனென்றால் அப்படித் தனியாக ஓர் இடம் இருந்திருக்காது. தெருவும் முற்றமும் மரத்தடியும் வயல்வெளியுமே இடம். இது என் ஊகம்தான். ஆனால் நம் தாத்தா பாட்டி காலம்வரை நடந்ததைப் பார்த்துச் சொல்கிற ஊகம்.

புதுக்கோட்டை வானம் பார்த்த பூமி. காவிரித் தண்ணீர் எட்டாத ஊர்களெல்லாம் கண்மாயை நம்பி வாழ்கின்றன. மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும் உண்டு. பிள்ளைகளின் விளையாட்டும் அந்தத் தண்ணீர்க் கணக்கையே பின்பற்றியது. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகினால் நீச்சல். தை அறுப்பு முடிந்தால் தாள் மிதிபடும் வயலில் கபடி. மாசி, பங்குனியில் களத்துமேட்டில் வைக்கோல் போர் மேல் ஏறிக் குதிப்பு. சித்திரையில் கண்மாய் வற்றி உள்வாய் வெடித்துக் காய்ந்தால் அதுவே கிட்டிப்புள் மைதானம், பின்னாளில் கிரிக்கெட் மைதானம். ஆடிக் காற்றில் பட்டம். பம்பரத்துக்கு ஒரு பருவம், கோலிக்கு ஒரு பருவம் என்று யாரும் அறிவிக்காமலே மாறிவரும். மாடு கட்டும் மந்தை, கோயில் முன் பொட்டல், ஊரணிக்கரை, ஜல்லிக்கட்டுக்கு மட்டும் வாடிவாசல் முளைக்கும் திடல் எல்லாமே பெரியவர்களின் இடங்கள். அவர்கள் வேலை முடித்து எழுந்துபோன நேரத்தில் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். விளையாட்டுக்கென்று ஒதுக்கிய நிலம் எதுவும் ஊர்க்கணக்கில் கிடையாது. அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

விளையாட்டுத் திடல் என்ற ஒன்று தெருவை இழந்த ஊர்களில் பிறந்தது. தொழிற்சாலைகள் வந்து, நெருக்கமான வாடகைக் குடியிருப்புகள் வந்து, வண்டிகள் தெருவை நிறைத்த பிறகு நகரத்துப் பிள்ளைகளுக்கு நிற்க இடமில்லாமல் போனது. பெர்லின் நகரப் பூங்காக்களில் ஏழைப் பிள்ளைகள் விளையாடுவதற்காக மணல் குவித்துவைத்திருந்ததைப் பார்த்த மரி சாக்ஷெவ்ஸ்கா என்ற மருத்துவர், அதைப் பற்றி அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்கு எழுதினார். 1885இல் பாஸ்டனில் ஒரு சிற்றாலயத்தின் முற்றத்தில் ஒரு குவியல் மணல் கொட்டப்பட்டது. அந்த நாட்டின் விளையாட்டுத் திடல் வரலாற்றை அந்த மணலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். சறுக்கு மரம், ஊஞ்சல், ஏறும் கம்பி எல்லாம் பிறகு வந்தவை.

நம் பூங்காக்களில் குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் கம்பி இணைத்துக் கூடுபோல் நிறுத்தியிருப்பார்களே, அது வந்த வழி விசித்திரமானது. சார்லஸ் ஹிண்டன் என்ற கணித அறிஞர் ஜப்பானில் இருந்தபோது, நான்காம் பரிமாணத்தைத் தன் பிள்ளைகளுக்குப் புரியவைப்பதற்கு முன்படியாக முப்பரிமாணத்தை உடம்பால் உணரட்டும் என்று மூங்கிலில் ஒரு சட்டகம் கட்டினார். பிள்ளைகளுக்குக் கணக்கு ஏறவில்லை. ஏறி விளையாடிய மகிழ்ச்சி மட்டும் மனசில் தங்கியது. அவர் மகன் செபாஸ்டியன் வளர்ந்து சிகாகோ பக்கத்தில் வழக்கறிஞராக இருந்தபோது அதை நினைவுகூர்ந்து, இரும்பில் வடிவமைத்து, 1920களின் தொடக்கத்தில் காப்புரிமை வாங்கினார். அதன் வாரிசுகள்தான் இன்று நம் ஊராட்சித் திடல்களில் துருப்பிடித்து நிற்கின்றன.

ஆனால் திடலின் வரலாற்றில் நான் அதிகம் மதிப்பது கருவிகளைச் செய்தவர்களை அல்ல. பிள்ளைகளை உட்கார்ந்து பார்த்தவர்களைத்தான். டென்மார்க்கின் நிலத்தோற்ற வடிவமைப்பாளர் சோரன்சன், தான் அழகாக வடிவமைத்த திடல்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் கட்டடம் கட்டும் இடங்களில் போய்க் கல்லும் பலகையும் பொறுக்கி விளையாடுவதைக் கவனித்தார். 1931லேயே எழுதினார்: பழைய பலகை, உடைந்த செங்கல், மண், தண்ணீர் இருக்கும் ஒரு திடல் வேண்டும். அது நிறைவேறியது 1943இல், ஜெர்மானியப் படை நாட்டைப் பிடித்துவைத்திருந்த நாளில், கோபன்ஹேகன் அருகே எம்ட்ருப் என்ற தொழிலாளர் குடியிருப்பில். ஆளுக்கொரு சுத்தியலும் ஆணியுமாகப் பிள்ளைகள் குடில் கட்டினார்கள், இடித்தார்கள், மறுபடி கட்டினார்கள். போர் முடிந்து அங்கே போய்ப் பார்த்த லேடி ஆலன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, குண்டு விழுந்து வெறுமையான லண்டன் மனைகளைப் பிள்ளைகளுக்குத் தாருங்கள் என்று இயக்கம் நடத்தினார்.

ஆம்ஸ்டர்டாம் கதை இன்னும் நமக்கு நெருக்கமானது. போரில் நொடிந்த நகரம், கையில் காசில்லை. நகராட்சியின் திட்டப் பிரிவில் யாகோபா முல்டர் என்ற பெண் அதிகாரி, ஆல்டோ வான் ஐக் என்ற இளம் கட்டடக் கலைஞர். 1947இல் பெர்டல்மன்ப்ளைன் என்ற சிறு சதுக்கத்தில் முதல் திடல் வந்தது. ஒரு மணல் தொட்டி, சில உருண்டைக் கற்கள், குட்டிக்கரணம் போட இரும்பு வளைவுகள், அம்மாக்கள் உட்கார பெஞ்சு, மரம். அவ்வளவுதான். வேலி கிடையாது. அதைப் பார்த்த அக்கம்பக்கத்தார், எங்கள் தெருவுக்கும் ஒன்று வேண்டும் என்று நகராட்சிக்கு எழுத ஆரம்பித்தார்கள். இரண்டு வீட்டுக்கு நடுவே கிடந்த துண்டு மனை, சாலை திரும்பும் மூலை, குப்பை கொட்டும் இடம் எல்லாம் திடலாயின. நாடுகடத்திக் கொல்லப்பட்ட யூதர்களின் வீடுகள் இருந்து இடிபட்ட மனைகளில்கூடப் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. 1978க்குள் எழுநூற்றுக்கும் மேற்பட்ட திடல்கள். பெரும்பாலானவை மக்கள் கேட்டு வந்தவை.

இப்படி ஊர் ஊராகப் பிறந்ததுதான் பிறகு உரிமையாக எழுத்தில் ஏறியது. 1959இல் ஐ.நா. வெளியிட்ட குழந்தை உரிமைப் பிரகடனத்திலேயே விளையாட்டுக்கு ஒரு வரி இருந்தது. 1961இல் கோபன்ஹேகனில் சர்வதேச விளையாட்டுச் சங்கம் தொடங்கியது. 1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு, ஓய்வும் விளையாட்டும் ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்கிறது. இந்தியா 1992 டிசம்பரில் அதை ஏற்றுக்கொண்டது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் இணைப்பில் பள்ளிக்கு இருக்கவேண்டியவற்றின் வரிசையில் விளையாட்டு மைதானமும் உண்டு. 2024இல் ஜூன் 11ஆம் நாளை உலக விளையாட்டு நாளாக ஐ.நா. அறிவித்தது.

புதுக்கோட்டைக்கு வருவோம். நகரங்களுக்கு 1880களில் வந்த நெருக்கடி நம் கிராமங்களுக்குக் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் வந்தது. வேறு உருவத்தில் வந்தது.

அறுவடை இயந்திரம் வந்ததும் களத்துமேட்டுக்கு வேலை போனது. வேலை போன இடத்தில் ஒரு வருஷம் மேல்நிலைத் தொட்டி எழுந்தது. அடுத்து ரேஷன் கடை, சமுதாயக்கூடம், அங்கன்வாடி, கிராம சேவை மையம். ஒவ்வொன்றும் ஊருக்கு வேண்டியதுதான். எதையும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இடம் பார்க்க வருகிறவர்களிடம் ஊர்ப் பெரியவர்கள் காட்டுகிற இடம் எப்போதும் ஒன்றே: "இது சும்மாதான கெடக்கு, இதுல கட்டிக்குங்க." சாயங்காலம் நாற்பது பிள்ளைகள் அங்கே ஓடிக்கொண்டிருப்பது யார் கணக்கிலும் வராது. பிள்ளைகளிடம் பட்டாவும் இல்லை, ஓட்டும் இல்லை.

கண்மாய் உள்வாயைச் சீமைக் கருவேலம் பிடித்தது. வெறுங்காலோடு ஓடிய இடத்தில் இப்போது முள். ஆடு மேய்ந்த புதர்க்காடுகள் பல தைலமரத் தோப்பாயின. வரிசையாக நட்ட மரத்துக்கு நடுவே பந்தை உருட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது விளையாடும் இடமில்லை என்று. மண் தெரு சிமெண்டுத் தெருவானது நல்லதுதான். கூடவே மோட்டார் சைக்கிள் வேகமும் வந்தது. இத்தனையும் நடந்து முடிந்த பிறகுதான் கைப்பேசி வந்து பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்தது. இடத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு போனை மட்டும் பிடுங்கினால் பிள்ளை எங்கே போகும்?

உட்கார்ந்திருப்பதன் விலையும் கொஞ்சமல்ல. ஐந்து வயதிலிருந்து பதினேழு வயதுவரை நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்கும்படி உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சீனத்தின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவுப் பள்ளிகளில் நாளுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டார்கள். மூன்றாண்டு முடிவில் கிட்டப்பார்வைக் குறை வந்தவர்கள் அந்தப் பிள்ளைகளில் சுமார் 30 விழுக்காடு, மற்றவர்களில் சுமார் 40 விழுக்காடு. 2015இல் முடிவு வெளியானது. வெளிச்சத்தில் நிற்பதற்கே இவ்வளவு பலன். சண்டை போட்டுச் சமாதானமாவது, தோற்றுப்போய் மறுநாளும் வந்து நிற்பது, சின்னப் பிள்ளைக்கு இரண்டு முறை 'அவுட்' விட்டுக்கொடுப்பது இதையெல்லாம் எந்த ஆய்வில் அளக்கிறது?

தமிழ்நாட்டு அரசு இதை அறவே மறந்தது என்று சொல்ல முடியாது. 2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிக்கு 20 லட்சம் ரூபாய் என்று ஒதுக்கி, ஐந்தாண்டில் எல்லா ஊராட்சிகளுக்கும் போனது. அதில் நூலகமும் விளையாட்டுத் திடலும் கட்டாயப் பணிகளாக இருந்தன. கிராமத்தில் ஒரு நிலத்துக்கு 'விளையாட்டுத் திடல்' என்று பெயர்ப்பலகை மாட்டிய பெரிய முயற்சி அதுதான். 2024இல் ஊராட்சிகளுக்குக் கலைஞர் பெயரில் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வந்தது. பந்தும் மட்டையும் வந்தன. பல ஊர்களில் கேள்வி வேறு: எங்கே வைத்து ஆடுவது?

2006க்குப் பிறகு போட்ட திடல்களில் சில இன்றும் உயிரோடு இருக்கின்றன, பல முள் மண்டிக் கிடக்கின்றன. ஏன் என்று பார்த்தால் காரணம் பெரும்பாலும் இடத்தில் இருக்கிறது. ஊருக்கு வெளியே, சுடுகாட்டுப் பாதையில், நிழலில்லாத செம்மண் மேட்டில் இடம் கிடைத்ததென்று போட்டார்கள். பங்குனி வெயிலில் புதுக்கோட்டையில் இரும்புச் சறுக்கு தொட்டால் கொப்புளம். ஆறு வயதுப் பிள்ளையை அவ்வளவு தூரம் தனியே அனுப்ப எந்த அம்மாவுக்கும் மனசு வராது. வான் ஐக் பெஞ்சு போட்டது அழகுக்காக இல்லை.

இன்னொரு காரணத்தைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். திடல் எந்தத் தெருவில் இருக்கிறது? 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியலின மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்த செய்தி இந்த மாவட்டத்தின் பெயரோடு நாடெங்கும் போனது. தண்ணீரிலேயே இப்படியென்றால் கோயில் பொட்டலில் யார் வீட்டுப் பிள்ளை ஓடலாம், யார் வீட்டுப் பிள்ளை வரப்போரம் நின்று பந்து பொறுக்கிப் போடலாம் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. பொதுத் திடல் என்றால் காலனிப் பிள்ளை கேட்டுக்கொண்டு நுழையாமல் ஓடிவந்து நுழைகிற இடமாக இருக்க வேண்டும். ஊரும் காலனியும் சந்திக்கும் பாதையில், பள்ளிக்கூடத்தை ஒட்டி, அரசு நிலத்தில் அது அமைந்தால் பாதி வழி வந்ததுபோல.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் புதுக்கோட்டை ஒருமுறை நாட்டுக்கே வழி காட்டியிருக்கிறது. 1991இல் அறிவொளி இயக்கம் இங்கே தொடங்கியபோது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் சேர்த்தார்கள். வாடகைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்குவாரிப் பெண்களும், வயல்வேலைப் பெண்களும், பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளும் பொட்டலுக்கு வந்தார்கள். பெண்கள் சைக்கிள் போதாதபோது ஆண்கள் சைக்கிளிலேயே கற்றுக்கொண்டார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பொதுப் போட்டிகளில் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். இதைப் போக்குவரத்து விடுதலை என்று எல்லோரும் எழுதியாயிற்று. நான் அதில் இன்னொன்றையும் பார்க்கிறேன். ஊர் நடுவே, பட்டப்பகலில், ஆம்பளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது விழுந்து, முட்டி சிராய்த்து, சிரித்துக்கொண்டே எழுந்திருக்கும் சுதந்திரம் பெண்ணுக்குக் கிடைத்தது அந்தப் பொட்டல்களில்தான். அது விளையாட்டின் சுதந்திரம். புது நிலம் ஒன்றும் வாங்கவில்லை. இருந்த பொட்டலுக்குள் பெண்கள் வரலாம் என்று ஊர் ஒத்துக்கொண்டது.

இதே மாவட்டத்துக் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சவுந்தரராஜனின் ஓட்டமும் ஒரு வெற்று மண்தரையில் தொடங்கியதுதான். பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். ஓட்டக்காரரான தாத்தா, வீட்டருகே கிடந்த வெளியில் பேத்தியை ஓடவைத்துப் பழக்கினார். 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் சாந்தி வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனையைக் காட்டி அதைப் பறித்தார்கள். அந்த அநீதியின் கதை தனியே எழுத வேண்டியது. இங்கே நான் சொல்ல விரும்புவது அதற்குப் பிறகு அவர் செய்ததை. சொந்த மாவட்டத்துக்குத் திரும்பி, ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்து ஓட்டப் பயிற்சி கொடுத்தார். 2009க்குள் அறுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வந்திருந்தார்கள். சென்னை மாரத்தானில் முதலிடமும் மூன்றாமிடமும் அவர் மாணவர்களுக்குக் கிடைத்தன. வீட்டருகே அந்த வெளியில் அன்றைக்கு ஒரு கட்டடம் எழும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே கஷ்டமாக இருக்கிறது. எல்லாப் பிள்ளையும் ஆசியப் போட்டிக்குப் போகப் போவதில்லை, போகவும் வேண்டாம். சாயங்காலம் ஓட இடம் இருந்தால் போதும்.

இனி ஓர் ஊரில் திடல் பிறக்க வேண்டுமானால் அது தானாகப் பிறக்காது. ஆம்ஸ்டர்டாம்காரர்கள் நகராட்சிக்குக் கடிதம் எழுதினார்கள். நமக்கு அதைவிடப் பலமான கருவி கையில் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இப்போது மார்ச் 22, நவம்பர் 1 என்று கிராம சபை கூடுகிறது. தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் தீர்மானம் தீர்மானம்தான். அதற்கு முன் வி.ஏ.ஓ. அலுவலகத்தில் அ-பதிவேட்டைப் பார்த்து, ஊரில் மீதமிருக்கும் களம், மந்தைவெளி வகைப் புறம்போக்குகளின் புல எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். கண்மாயைக் கேட்கக் கூடாது. அது தண்ணீருக்கு உரியது. கோடையில் பிள்ளைகள் ஓடிவிட்டுப் போகட்டும், நிரந்தரத் திடலாக்க முடியாது. பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டு ஊருக்கே தர வேண்டும் என்று ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு ஊருக்குத் துணை நிற்கும்.

தீர்மானத்தில் புல எண்ணும் பரப்பும் இருக்கட்டும். இந்த இடத்தில் இனிக் கட்டடம் வராது என்ற வரி கட்டாயம் வேண்டும். கம்பிக் கூட்டுக்கு முன்னால் வேம்பும் புங்கையும் கேளுங்கள். மூன்று மழை பார்த்தால் நிழல் வந்துவிடும். குடிதண்ணீர்க் குழாய், ஆறேழு மணிவரை ஒரு விளக்கு, சிறு பிள்ளைகளுக்கு ஒரு மூலையில் ஆற்று மணல், பெரியவர்கள் உட்கார ஒரு திண்ணை. பெண்பிள்ளைகளுக்கென்று நேரமோ இடமோ உறுதியாகச் சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிரிக்கெட் ஆடும் பெரிய பையன்கள் முழுவதையும் எடுத்துக்கொள்வார்கள். நிலமே மிஞ்சாத ஊர் என்றால் பள்ளி மைதானத்தைக் கேட்கலாம். நாலேகாலுக்கு மணியடித்துப் பூட்டும் கேட்டை ஆறு மணிவரை திறந்துவைப்பது, சாவி யாரிடம், பொறுப்பு யாருக்கு என்று பள்ளி மேலாண்மைக் குழுவோடு உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும்.

கூட்டத்துக்குப் போகும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஓட்டுப் போடும் வயது இல்லைதான்; பேச வயது போதும். தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு சொல்கிறது. எந்த மூலையில் வெயில் முதலில் இறங்கும், எங்கே பாம்புப் புற்று, எந்த வீட்டுக்காரர் பந்து விழுந்தால் தரமாட்டார், எந்தத் தெருப் பிள்ளைகள் இன்னும் வருவதில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் இடத்தைச் சொல்லட்டும், வி.ஏ.ஓ. புல எண்ணைச் சொல்லட்டும். ஊராட்சிச் செயலர் இரண்டையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதட்டும்.